மதர்போர்டு வாங்கப் போறீங்களா? மொதல்ல பர்ஸை உள்ள வைங்க!

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் தலை வச்சே படுக்கலை. ஆனா இதை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டிருக்கேன். தங்கமணி முறைச்சிட்டுத் தூங்கப் போயாச்சு.

மேட்டர் இதுதான். விருதுநகர்ல இருக்கற எங்க அக்கா பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். கேம் ஆடறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டணும்னு ரெண்டு வருஷமா அக்காவை நச்சரிச்சு, 2025 மே மாசம் ஒருவழியா சம்மதம் வாங்கிட்டான். அக்கா சீட்டு எடுத்த பணத்துல ஒரு லட்சத்து இருபதாயிரம். அந்தச் சீட்டு எதுக்குன்னு போட்டதுன்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதை விடுங்க.

"மாமா, லிஸ்ட் போட்டுட்டேன். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க"ன்னு வாட்ஸப்ல அனுப்பினான். பாத்தேன். ப்ராசஸர் ரைசன் 5 7600. சரி. கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி, முப்பதாயிரம். ம்ம். மதர்போர்டு... எக்ஸ்870ஈ சிப்செட், நாப்பத்து மூவாயிரம்!

போனைப் போட்டேன்.

"ஏண்டா மாப்ள, வீடு பதினெட்டு லட்சம், வாசக்கதவு நாப்பது லட்சமா?"

"இல்ல மாமா, ஓவர்கிளாக் பண்ணப் போறேன். அதுக்குப் பெரிய போர்டு வேணும்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

எல்லாரும்னா யாருன்னு பாக்க, அந்த ஞாயித்துக்கிழமையே மெட்ரோ ஏறி நேரு பிளேஸ் போனேன். ஊரை விட்டு தில்லிப் பக்கம் வந்து வருஷம் பதினேழு ஆச்சு. இன்னும் அந்த இடத்துக்குப் போனா ரிச்சி ஸ்ட்ரீட் ஞாபகம் வந்துடும். வெயில் மட்டும் ரெண்டு மடங்கு. கடைக்காரர் நான் என்ன கேக்கறேன்னு முடிக்கறதுக்குள்ளயே, "சார் ஜி, கேமிங் கே லியே தோ யஹி லேனா படேகா"ன்னுட்டார். கேமிங்குன்னா இதைத்தான் வாங்கியாகணுமாம். ஏன்னு கேட்டா போர்டை ஆன் பண்ணிக் காட்டினார். பச்சை, ஊதா, சிவப்புன்னு கண்ணை அடிச்சுது. அதான் விளக்கம்!

என்னைக் கேட்டா இந்த ஓவர்கிளாக்கிங் மதர்போர்டு வியாபாரத்துல முக்கால்வாசி ஏமாத்து வேலை. ஒரு காலத்துல ஓவர்கிளாக்கிங் காசில்லாதவனோட ஆயுதமா இருந்துது. இன்னிக்கு அதே பேரைச் சொல்லி காசில்லாதவன்கிட்டயே நுழைவுக் கட்டணம் வாங்கறாங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1998 ஆகஸ்ட்ல இன்டெல் செலரான் 300ஏன்னு ஒரு சிப் விட்டுது. 300 மெகாஹெர்ட்ஸ், சீப்பான சரக்கு. போர்டுல பஸ் வேகத்தை 66லேர்ந்து 100க்கு மாத்தினா போதும், 450 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். அதே மாசம் வந்த பென்டியம் 2-ல 450ன்னு ஒண்ணு இருந்துது. விலை பல மடங்கு. விளையாட்டுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏபிட் பிஎச்6 மாதிரி போர்டுல பொட்டியைத் திறக்காம, பயாஸ்லயே இதைப் பண்ணலாம்.

2006-ல கோர் 2 டூவோ ஈ6300. 1.86 கிகாஹெர்ட்ஸ் சிப்பு. 266-ஐ 400 ஆக்கினா 7 பெருக்கல் 400, அதாவது 2.8. அம்பது சதவீதம் இலவசம்! நான் கட்டின முதல் பொட்டி அதுதான். அப்ப போர்டு நிஜமாவே முக்கியம். 400-ஐத் தாங்கற போர்டு, தாங்காத போர்டுன்னு ரெண்டு சாதி இருந்துது. நல்ல போர்டுக்கு ரெண்டாயிரம் கூடக் குடுத்தா ப்ராசஸர்ல பத்தாயிரம் மிச்சம். கணக்கு நேரா வந்துது.

2011 ஜனவரில சாண்டி பிரிட்ஜ் வந்துது. கதை முடிஞ்சுது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை மத்த எல்லாத்தோடவும் சேத்துக் கட்டிட்டாங்க. லேசா நகத்தினாலே எல்லாம் ஆட்டம் காணும். ஓவர்கிளாக் பண்ணணுமா? பேர்ல 'கே' போட்ட சிப் வாங்கு. அதுக்குன்னு தனி சிப்செட் போர்டு வாங்கு. எச்67 வாங்கினா கிடையாது, பி67 வாங்கினாத்தான் உண்டு. 2015 கடைசியில சில போர்டு கம்பெனிங்க கே இல்லாத ஸ்கைலேக் சிப்பையும் பயாஸ் வழியா ஓட்ட வழி பண்ணினாங்க. 2016 ஆரம்பத்துலயே அதையும் இன்டெல் அடைச்சிடுச்சு.

அதாவது வேலி போட்டு, வேலிக்கு ஒரு கேட் போட்டு, கேட்டுக்கு டிக்கெட் போட்டாங்க. அந்த டிக்கெட்டுதான் 'கேமிங் மதர்போர்டு'.

ஏஎம்டிக்காரன் 2017-ல ரைசன் விட்டப்ப கொஞ்சம் நல்லவனா நடந்துக்கிட்டான். எல்லா ரைசனும் பூட்டு இல்லாம வந்துது. நடுத்தர பி350 போர்டுலயே ஓவர்கிளாக் பண்ணலாம். அடிமட்ட ஏ320ல மட்டும் கிடையாது. இன்னிக்கு ஏஎம்5லயும் அதே கதைதான். பி650 போதும். ஏ620 வாங்கினா ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்ண முடியாது. அதனால "ஓவர்கிளாக்குக்கு எக்ஸ் சீரிஸ்தான் வேணும்"னு யாராவது சொன்னா ஒண்ணு அவருக்குத் தெரியலை, இல்ல நல்லாத் தெரிஞ்சிருக்கு!

சரி, போர்டு என்னதான் செய்யுது?

எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் குடுக்குது. ப்ராசஸர் கேக்கறது சுமார் 1.2 வோல்ட். நடுவுல மாத்திக் குடுக்கற சமாச்சாரம்தான் விஆர்எம். சாக்கெட்டைச் சுத்தி சின்னச் சின்னக் கருப்புக் கட்டி நிக்கும் பாருங்க, அது. 1.2 வோல்ட்ல 200 வாட் வேணும்னா 167 ஆம்பியர் ஓடணும். மாத்தறப்ப பத்து சதவீதம் வீணாச்சுன்னா 22 வாட் அங்கயே சூடா நிக்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் வச்சிருக்கற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் போர்டு மேல படுக்க வச்ச மாதிரி. அதுக்குத்தான் மேல அலுமினியக் கட்டி வைக்கறாங்க. போர்டுல நீங்க காசு குடுக்க வேண்டிய இடம் இது. இது ஒண்ணுதான்.

ஆனா எவ்வளவு? இங்கதான் சிரிப்பு வரும். மருமகன் லிஸ்ட்ல போட்ட மாதிரி போர்டுல 16 கட்டம், ஒவ்வொண்ணும் 110 ஆம்பியர்னு பெருமையா எழுதியிருப்பாங்க. பெருக்கிப் பாருங்க. 1,760 ஆம்பியர். 1.2 வோல்ட்ல 2,112 வாட். ரெண்டு இஸ்திரிப் பெட்டி! அவன் வாங்கற ரைசன் 5 7600 சாக்கெட்ல இழுக்கற உச்ச அளவு 88 வாட். அவன் ஓவர்கிளாக் பண்ணி, கூட்டி, பிதுக்கி எடுத்தாலும் அதுல பாதி தூரம் இன்னும் போகும். 12 கட்டம், 60 ஆம்பியர்னு வர்ற சாதா பி650 போர்டே 864 வாட் கணக்கு காட்டும். காகிதக் கணக்குல பாதியைத் தள்ளுபடி பண்ணினாலும் மிச்சம் தாராளம்.

இன்னொரு கணக்கு. சிப் சாப்பிடற கரண்டு, வேகத்தோட நேராவும், வோல்டேஜோட வர்க்கமாவும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் ஏத்த 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கறீங்கன்னு வைங்க. 1.1 பெருக்கல் 1.125 பெருக்கல் 1.125. விடை 1.39. பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்தொன்பது சதவீதம் அதிகச் சூடு. அந்தப் பத்து சதவீதம் விளையாட்டுல தெரியுமா? கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்கிட்டு நிக்கறப்ப ப்ராசஸர் வேகமா ஓடி என்ன பண்ணப் போகுது? பந்தி பரிமாறறவர் ஒருத்தர் இருக்கறப்ப சமையக்காரர் அவசரப்பட்டு என்ன லாபம்?

நம்பலைன்னா 2022 ஏப்ரல்ல வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பாருங்க. உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அதோட அண்ணன் 5800எக்ஸ் 4.7. விளையாட்டுல தம்பிதான் ஜெயிச்சான். ஏன்? மேல கூடுதலா அடுக்கின கேஷ் மெமரி. அதையும் பழைய, சீப்பான போர்டுல போட்டே ஓட்டலாம். நாப்பதாயிரம் ரூபா போர்டுல வேகத்தைப் பிதுக்கறதை விட, ப்ராசஸர்ல அஞ்சாயிரம் கூடப் போடறது புத்திசாலித்தனம்.

உடனே, "அப்ப இருக்கறதுலயே சல்லிசான போர்டு வாங்கலாமா?"ன்னு ஒருத்தர் கையைத் தூக்குவார். அய்யா, அந்தக் கூத்தையும் நான் பண்ணியிருக்கேன்.

2013 ஆரம்பம். குர்காவ்ல தனி ரூம். ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350 வாங்கினேன். எட்டு கோர், 4 கிகாஹெர்ட்ஸ், 125 வாட். காசெல்லாம் அதுல போயிடுச்சு. போர்டு நாலாயிரத்துக்கு ஒண்ணு. விஆர்எம் மேல ஒரு தகடு கூடக் கிடையாது, அம்மணமா நின்னுது. ஜனவரிக் குளிர்ல 4.6 வரைக்கும் ஏத்தினேன். ஜம்முனு ஓடுச்சு. ஊருக்குப் போன் போட்டு பெருமை வேற.

மே மாசம் வந்துது. வெளிய லூ காத்து. ரூம்ல வைக்கோல் கூலர். கரண்டு போனா அதுவும் இல்லை. இன்வெர்ட்டர்ல பொட்டி மட்டும் ஓடும். ரூம்ல நாப்பது டிகிரி. விளையாடிட்டிருக்கறப்பவே 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு விழும், எந்திரிக்கும், விழும். ஒருநாள் ராத்திரி லேசா வாடை. தீஞ்ச பிளாஸ்டிக் வாடை. சாக்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு கருப்புக் கட்டி வெடிச்சிருந்துது. வாரன்டி இருக்கேன்னு சர்வீஸ் சென்டர் போனேன். ரெண்டு மெட்ரோ, ஒரு ஆட்டோ. அங்க இருந்தவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எரிஞ்ச தடம் இருக்கு சார், வாரன்டி கிடையாது"ன்னார். எரிஞ்சதாலதான்யா வந்திருக்கேன்! ஒரு மாசச் சம்பளத்துல பாதி காலி.

அதனால நான் சல்லிசு கட்சியும் இல்லை. தேவையைக் கணக்குப் போட்டு வாங்குங்க கட்சி. கணக்குல நம்ம ஊர் வெயிலையும் சேருங்க. வெளிநாட்டு விமர்சகர் ஏசி ரூம்ல, இருபத்து ரெண்டு டிகிரில டெஸ்ட் பண்ணி "விஆர்எம் 70 டிகிரிதான்"னு சொல்வார். உங்க ரூம் நாப்பதுன்னா அதோட பதினெட்டைக் கூட்டிக்கங்க. தில்லிக்கும் அதான், விருதுநகருக்கும் அதான்.

இன்னொரு விஷயம். இது கோவம் வர்ற விஷயம். நீங்க ஓவர்கிளாக் பண்ணலைன்னாலும் போர்டு உங்களைக் கேக்காம பண்ணும். பக்கத்துக் கம்பெனி போர்டை விட ரெண்டு புள்ளி கூட வாங்கணும்னு, ஒவ்வொருத்தனும் 'ஆட்டோ'ங்கற பேர்ல வோல்டேஜையும் கரண்டையும் ஏத்தி வைக்கறான். 2023 ஏப்ரல்ல ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புங்க சாக்கெட்டோட கருகின படங்கள் உலகம் பூரா வந்துது. அப்புறம்தான் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாதுன்னு ஏஎம்டி பயாஸ்ல கட்டுப்பாடு போட்டுது. 2024-ல இன்டெல்லோட 13, 14-வது தலைமுறை சிப்புங்க அடிக்கடி படுத்துது. மொதல்ல போர்டுங்களோட அத்துமீறின செட்டிங்கைக் கை காட்டினாங்க. அப்புறம் பாத்தா சிப்போட மைக்ரோகோடே தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டுட்டு இருந்துது. ஆகஸ்ட்ல திருத்தம் வந்துது. வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அதுக்குள்ள கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் சரி பண்ணாது. மாத்தத்தான் வேணும். இதுல பெரிய போர்டு வாங்கினவன், சின்ன போர்டு வாங்கினவன் யாருக்கும் தள்ளுபடி இல்லை. விலைக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லைங்கறதுக்கு இதை விட என்ன வேணும்?

"ஃப்யூச்சர் ப்ரூஃப் சார்!" இது அடுத்த மந்திரம். நாளைக்கு வரப்போற சிப்புக்கு இன்னிக்கே பெரிய போர்டு வாங்கணுமாம். 2020 மே மாசம் என்ன நடந்துது? அடுத்த ரைசன் பி450 போர்டுல ஓடாதுன்னு ஏஎம்டி அறிவிச்சுது. பி450 மட்டுமில்லை, விலை கூடக் குடுத்து எக்ஸ்470 வாங்கினவனுக்கும் அதே கதி! ஜனங்க போட்ட சத்தத்துல ரெண்டே வாரத்துல பின்வாங்கி, ரெண்டுக்கும் சேத்தே வழி விட்டாங்க. எதிர்காலத்தைத் தீர்மானிக்கறது சாக்கெட்டும் கம்பெனியோட மனசும். உங்க போர்டோட விலை இல்லை. ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கும் மேல வச்சிருப்போம்னு சொல்லியிருக்காங்க. அந்த வாக்கு பதினாறாயிரம் ரூபா போர்டுக்கும் சேத்துத்தான்.

அப்ப எதைப் பாத்து வாங்கறது? மருமகனுக்கு எழுதிக் குடுத்ததை இங்கயும் போடறேன்.

1. மொதல்ல ப்ராசஸரை முடிவு பண்ணுங்க. அது உச்சத்துல எத்தனை வாட் இழுக்கும்னு பாருங்க. ஓவர்கிளாக்குக்காக அதோட பாதியைக் கூட்டுங்க. அதைத் தாங்கற விஆர்எம், மேல கனமான அலுமினியக் கட்டி. அவ்வளவுதான். கட்டத்தோட எண்ணிக்கையைப் பாத்து மயங்காதீங்க. சில போர்டுல ஒரே கட்டத்தை ரெண்டாப் பிரிச்சு எண்ணிக்கையைக் காட்டுவாங்க.

2. சிப்செட் ஓவர்கிளாக்கை அனுமதிக்குதான்னு பாருங்க. ஏஎம்டின்னா பி சீரிஸ் போதும். இன்டெல்ல கே சிப்பும் இசட் போர்டும் சேந்தாத்தான் உண்டு. ரெண்டுல ஒண்ணு மட்டும் வாங்கினா காசு தண்டம்.

3. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன். ப்ராசஸர் இல்லாமயே பென்டிரைவ்ல பயாஸை மாத்தலாம். கடை அலமாரில ஒரு வருஷம் தூங்கின போர்டு, புது சிப்பைப் பாத்து முழிக்கும். பெரிய ஊர்ல கடைக்காரர் பழைய சிப் போட்டு மாத்திக் குடுப்பார். சின்ன ஊர்ல யார் இருக்கா? இந்த ஒரு பட்டன் ஆயிரம் கலர் லைட்டுக்குச் சமம்.

4. சர்வீஸ் சென்டர் உங்க ஊருக்கு எவ்வளவு தூரம்? சாக்கெட் ஊசியெல்லாம் இப்ப போர்டுலதான் இருக்கு. ஒண்ணு வளைஞ்சாலும் 'கஸ்டமர் டேமேஜ்'னு சொல்லி அனுப்பிடுவாங்க. கடையிலயே டப்பாவைத் திறந்து சாக்கெட்டைப் போட்டோ எடுத்துக்கங்க. மேல இருக்கற கருப்பு மூடியைத் தூக்கிப் போடாதீங்க. பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க.

5. ரேமுக்கு எக்ஸ்போ ஆன் பண்ணுங்க. 6000-னு டப்பாவுல போட்ட டிடிஆர்5 ரேம் வாங்கிட்டு 4800-ல ஓட்டற புண்ணியவான்கள் எத்தனை பேர்! ஒரு பட்டன் தட்டறதுல கிடைக்கற லாபம் பல நேரம் ஒரு வாரம் பயாஸ்ல குடியிருந்தாலும் கிடைக்காது. ஆனா அதுவும் கணக்குல ஓவர்கிளாக்தான், தெரிஞ்சு பண்ணுங்க.

கடைசியா ஒரு வார்த்தை. நம்ம வெயிலுக்கு ஏத்த ஓவர்கிளாக், வோல்டேஜை ஏத்தறது இல்லை, எறக்கறது. ரைசன்ல கர்வ் ஆப்டிமைசர்னு ஒண்ணு இருக்கு. மைனஸ்ல பத்து, பதினஞ்சுன்னு கொஞ்சம் கொஞ்சமா எறக்கி, ஒவ்வொரு தடவையும் ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓட விடுங்க. சூடு குறையும். சூடு குறைஞ்சா சிப் தானா மேல போகும். கையில காசு கொழிக்குது, நைட்ரஜன் ஊத்தி ரெக்கார்டு பண்ணப் போறேன், நாலு எஸ்எஸ்டி மாட்டணும், பத்து ஜிபி நெட்வொர்க் வேணும்னா தாராளமா நாப்பதாயிரத்துக்கு வாங்குங்க. ஆசைக்கு வாங்கறவரை நான் ஏன் தடுக்கப் போறேன்? சீட்டுப் பணத்துல வாங்கற பையன்கிட்ட அதை 'தேவை'ன்னு சொல்லி விக்காதீங்கங்கறேன்.

மருமகன் ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் போன் பண்ணினான். "மாமா, நீங்க போட்ட கணக்கை நானும் போட்டுப் பாத்தேன். கடைக்காரர்கிட்ட கேட்டேன், எத்தனை வாட்டுன்னு அவருக்குத் தெரியலை."

பதினாறாயிரத்து ஐநூறுக்கு ஒரு பி650 போர்டு வாங்கினான். மிச்சம் இருபத்தாறாயிரத்து ஐநூறு. அதுல பதினோராயிரம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போய், 8 ஜிபி 16 ஆச்சு. ஆறாயிரத்துக்கு ஒரு யுபிஎஸ். ரேம் விலையெல்லாம் அதுக்கப்புறம் எகிறிப்போச்சு, அவன் அதிர்ஷ்டக்காரன்.

பாக்கி ஒன்பதாயிரத்து ஐநூறை அக்கா கையில குடுத்திருக்கான். அக்கா எனக்குப் போன் பண்ணி, "ஏண்டா தம்பி, இவன் பணத்தைத் திருப்பித் தர்றான், எனக்குப் பயமா இருக்கு. பொட்டி நல்லா ஓடுமாடா?"ன்னா.

"ஓடும்க்கா. லைட்டு மட்டும்தான் எரியாது"ன்னேன்.

பி.கு: லைட்டு இல்லைன்னு அவனுக்கு இன்னும் லேசா வருத்தம்தான். தீபாவளிக்கு முன்னூறு ரூபாய்க்கு ஒரு எல்ஈடி ஸ்ட்ரிப் வாங்கி அனுப்பிட்டேன். நாப்பத்து மூவாயிரம் ரூபா போர்டுல எரியற அதே கலர்ல இதுவும் எரியுது :-)